முந்திப்போன ஸ்தோத்திரம்

சௌந்தரம் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர்கள் கடலூரில் மூன்று பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள். மூன்றாவது ஆள் அவளுடைய கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தவர். அந்தப் படத்திலும் மாப்பிள்ளை தேவசகாயம் மட்டும்தான் தெளிவாக இருக்கிறார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஈ.சி.ஜி. எடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம், "அசையாதீங்க, கையைக் காலை ஆட்டாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் திரையை இழுப்பாள், பேப்பர் ரோலைத் திருப்பிப் பார்ப்பாள், கட்டிலை ஒரு சுற்று சுற்றி வருவாள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "நான் அசையல தாயி. நீ நடக்கிறதுல கட்டிலு ஆடுது. கோடு கோணலா வந்தா என் நெஞ்சைக் குத்தம் சொல்லாத" என்றாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாம் தடவையாக டைல்ஸ் மாற்றியபோது, அவள் நடக்கும் தடத்துக்கு மட்டும் கருங்கல் போட்டுவிடலாமா என்று ஆலோசனை நடந்ததாகவும் கேள்வி.

கோயிலிலும் அப்படித்தான். பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்துவிடுவாள். ஃபேனைக் கூட்ட ஒரு தடவை, குறைக்க ஒரு தடவை, வெளியே செருப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை, பார்த்தது தன் செருப்புதானா என்று உறுதிசெய்ய இன்னொரு தடவை. ஆயர் சார்லஸ் ஐயா அவள் எழுந்திருக்கும் இடங்களை வைத்தே பிரசங்கத்தைப் பத்தி பிரித்துக்கொள்வார்.

இப்படி எதையும் இருந்த இடத்தில் விட்டுவைக்காதவள், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆறு வருஷமாக அசைக்காமல் வைத்திருந்தாள். சிதம்பரத்தில் இருக்கும் தங்கை மாலதியோடு பேச்சு கிடையாது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வீட்டில் நல்லது நடந்தால், அது என்ன என்பதை ஒரு கவர் மேல் எழுதி, முடிந்த தொகையை உள்ளே வைத்து, காணிக்கைப் பையில் போட வேண்டும். ஆராதனை முடிகிற நேரத்தில் செயலர் தங்கராசு கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார். பிறந்தநாள், கல்யாண நாள், புது வண்டி, மூட்டுவலி குறைந்தது, எல்லாம் அதில் வரும். காணாமல் போன எருமை திரும்பி வந்ததற்கு ஒருவர் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டபோது, தங்கராசு எருமையின் பெயரையும் விடாமல் வாசித்தார். அவருக்கு மைக்கே தேவையில்லை. தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவர்களும் அந்தக் குரலுக்கு ஆமென் சொல்லுவார்கள் என்று பேச்சு.

ஜனவரியில் நடந்த உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், "கேட்டது கிடைச்சிட்டதா நினைச்சு இப்பவே நன்றி எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சௌந்தரத்துக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கே ஒரு கவர் எடுத்து எழுதினாள், தன் வேதப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்தாள். எழுதியாயிற்று, இனி ஆண்டவர் பாடு. ஏழு மாதம் ஓடிப்போயிற்று.

ஆகஸ்டில் அவளுடைய கல்யாண நாள் வந்தது. அதற்கும் ஒரு கவர் எழுதி அதே புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். காணிக்கைப் பை வருகிற நேரத்தில் இவள் ஃபேன் ரெகுலேட்டர் பக்கம் இருந்தாள். ஓடி வந்து, புத்தகத்தைப் புரட்டி, கையில் அகப்பட்ட கவரைப் போட்டாள். கையில் அகப்பட்டது ஜனவரிக் கவர்.

தங்கராசு தொண்டையைச் செருமினார். "சகோதரி சௌந்தரம் தேவசகாயம் அவர்கள், தானும் தன் தங்கை மாலதியும் நீண்ட பிரிவுக்குப் பிறகு மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்." நல்ல செய்தி என்பதால் அதை இரண்டாம் முறையும் வாசித்தார்.

சபை முழுக்க ஆமென். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து தேவசகாயம் திரும்பிப் பார்த்து, 'எப்போ?' என்று கையாலேயே கேட்டார். சௌந்தரம் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் கால் எத்தனை கிலோமீட்டர் நடந்தது என்பது பெஞ்சுக்கு அடியில் இருந்த தரைக்குத்தான் தெரியும்.

வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "தங்கச்சி மனசை மாத்தினாரே ஆண்டவர்!" என்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவசகாயம் வந்தார்.

"ஏன்டி, கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சும்மா இருங்க. நானே இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

தங்கராசு சிரித்த முகமாக வந்தார். "சிஸ்டர், யூட்யூப் லைவ் நல்லா போச்சு. முப்பத்தெட்டு பேரு பாத்தாங்க. உங்க கவர் வாசிக்கும்போது பதினொரு லைக் ஜாஸ்தி ஆச்சு."

முப்பத்தெட்டு பேரில் சிதம்பரத்துக்காரர் யாராவது உண்டா? உண்டு. இல்லாவிட்டாலும் அந்த முப்பத்தெட்டில் ஒருவர் இன்று சாயந்திரத்துக்குள் மாலதிக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லாமல் இருக்கப் போவதில்லை. 'எங்க அக்கா ஊர் முன்னாடி பொய் சொல்லியிருக்கா' என்று மாலதி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கப்புறம் இந்த ஜன்மத்தில் ஒட்டாது. தன் மிஷினில் தன்னையே படுக்க வைத்தால் பேப்பர் ரோல் பத்தாது என்று சௌந்தரத்துக்குத் தோன்றியது.

நேராக ஆயர் அறைக்குப் போனாள். சார்லஸ் ஐயா அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கவரைத் திருப்பிக் குடுத்துடுங்க. அது நடக்கல."

"நடக்காததுக்கா ஸ்தோத்திரம்?"

"விசுவாசத்துல எழுதினது ஐயா. ஜனவரியில."

"நல்லது. எழுதினதுக்கப்புறம் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டீங்களா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினீங்களா?"

"இல்ல ஐயா."

"அப்ப யார் போய்ப் பேசுவாங்கன்னு நினைச்சீங்க?"

"ஆண்டவர்தான்…" என்று இழுத்தாள்.

"அவர்கிட்ட மாலதி நம்பர் இருக்குது. உங்ககிட்டயும் இருக்குது இல்ல?" என்றார் ஆயர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "காணிக்கையோட வந்து நிக்கிறவளுக்கு, கூடப்பிறந்தவ மனசுல தன்மேல ஒரு வருத்தம் இருக்குதுன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சுட்டுப் போய் முதல்ல அதைச் சரி பண்ணச் சொல்லியிருக்காரு ஆண்டவர். நீங்க அதை வச்சிட்டீங்க. போறது ஒண்ணுதான் பாக்கி. தப்பு யார் பேர்ல?"

"அவதான் ஐயா, அம்மா சாவுக்கு…" என்று ஆரம்பித்தாள். ஆறு வருஷமாகத் தண்ணி பட்ட பாடாகச் சொல்லிவந்த கதை. அன்றைக்கு மட்டும் பாதியில் நின்றுபோயிற்று.

நடந்தது இதுதான். அம்மாவின் கடைசி நாளன்று மாலதி தொலைவில் எங்கும் இல்லை. திருவந்திபுரத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தாள். புருஷன் அருள்முருகன் வீட்டாரோடு, குழந்தைக்கு மொட்டை போட அங்கே மலைக்கோயிலுக்குப் போயிருந்தாள். போன் பைக்குள் இருந்தது. அவள் வந்தபோது அம்மா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. "மொட்டை முடிஞ்சு சாவகாசமா வந்தியா?" என்று சௌந்தரம் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். சில மாதம் கழித்து அம்மா கல்லறைக்குக் கல் வெட்டியபோது, அன்பு மகள் சௌந்தரம், மருமகன் தேவசகாயம் என்று போட்டு, மாலதி பெயரை விட்டுவிட்டாள். கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்த மாலதி கல்லைப் படித்தாள். பூவை வைத்தாள். மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே எழுந்து போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. சபைக்குச் சௌந்தரம் சொன்னது, "அவ எங்களை விட்டுட்டா" என்பது மட்டும்தான்.

"போய்ட்டு வாங்க" என்றார் ஆயர். "கவர் என்கிட்ட பத்திரமா இருக்கும்."

வீட்டில் கல்யாண நாள் பிரியாணி. அவள் மூடியைக்கூடத் திறக்கவில்லை. குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் தேவசகாயத்துக்கு அன்று மதியம் ஷிப்ட். "லீவு சொல்லிட்டு நானும் வரட்டுமா?" என்றார்.

"வேணாம். நீங்க வந்தா சகலையைக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிடுவீங்க. நானும் அதைச் சாக்கா வச்சு உங்களைத் தேடக் கெளம்பிடுவேன்."

சிதம்பரம் பஸ்ஸில் பாதி சீட் காலி. இவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, உக்காருங்க. நீங்க நிக்கிறதைப் பாத்துட்டு பஸ்ஸு ஃபுல்லுன்னு ஸ்டாப்பிங்ல ஒருத்தரும் கை காட்ட மாட்டேங்கிறாங்க."

ஆலப்பாக்கம் வரை ஒரு பேச்சைத் தயார் செய்தாள். அதில் அவள் மேல் தப்பு கால்வாசி. புதுச்சத்திரம் தாண்டும்போது அது அரைவாசி ஆயிற்று. பி.முட்லூரில் இறங்கி, ரோட்டைக் கடந்து, கடலூர் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆலப்பாக்கத்தில் இறங்கி மறுபடி சிதம்பரம் பஸ். அதே கண்டக்டர் வந்திருந்தால் அவளைப் பேய் என்று நினைத்திருப்பார். இந்தத் தடவை பி.முட்லூரில் இறங்கவில்லை. கம்பியை மட்டும் கொஞ்சம் வளைத்திருப்பாள். பஸ் வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது அவள் ஜெபம் செய்தாள். அதில் அலங்காரம் ஏதும் இல்லை. 'ஆண்டவரே, திரும்பிப் போகாம இருக்க வையுங்க' என்பதோடு முடிந்தது.

வண்டிகேட் பக்கம் ஒரு சந்தில் மாலதி வீடு. கதவு திறந்திருந்தது. மாலதி தரையில் போர்வை விரித்து, மகள் அனுப்பிரியாவின் யூனிபார்முக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சர்வீஸ் முடிஞ்சு அஞ்சு மணி நேரம் ஆவுது. கடலூர்லேர்ந்து நடந்தா வந்தே?"

சௌந்தரம் வாசல்படியிலேயே நின்றாள். "பாத்தியா?"

"கொரோனாவுலேர்ந்து பாக்குறேன். ஒரு வாரம் விட்டதில்ல. பாட்டு நல்லா கேக்கும். நடுவுல நடுவுல ஒரு புடவை குறுக்கால போவும். இன்னிக்கு அஞ்சு தடவை போச்சு."

உள்ளேயிருந்து அருள்முருகன் செம்பில் தண்ணீரோடு வந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். முகத்தில் எப்போதும் பாதிச் சிரிப்பு நிற்கும். "வாங்க அண்ணி. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களாமே. ஒரே வீட்டுல இருக்கிற எனக்கு யூட்யூப்லதான் தெரியுது."

"மாமா, நீ கொஞ்சம் கடைக்குப் போய்ட்டு வா."

"ஞாயித்துக்கிழமை ஏது கடை?"

"தெறந்து வச்சுட்டு உக்காரு."

அவர் போனார். அயர்ன் பாக்ஸ் ஒரு காலரின் மேல் போய்ப் போய் வந்தது.

"ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டே" என்றாள் மாலதி. "சந்தோஷம். என்கிட்ட என்ன சொல்ல வந்தே?"

கால்வாசி, அரைவாசி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது எல்லாம் போயிற்று. "அன்னிக்கு உனக்குப் பதினாலு தடவை போன் பண்ணேன்…"

"தெரியும். அந்தப் போனு செத்துப்போச்சு, ஆனா தூக்கிப் போடல. பதினாலும் அதுல அப்படியே கெடக்குது. பதினாலு தடவை பண்ணவ, கல்லு வெட்டும்போது ஒரு தடவை பண்ணியிருக்கலாம் இல்ல?"

சௌந்தரம் ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். திரையைத் தொட்டாள், விட்டாள். பிறகு போர்வை ஓரத்தில், சுடுகிற துணிகளுக்குப் பக்கத்தில், தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கல்லு வெட்டுறவன் பேரெல்லாம் எழுதிக்கிட்டு, 'ஒரே பொண்ணாம்மா?'ன்னு கேட்டான் மாலு. நான் ஆமான்னு சொன்னேன்."

மாலதியின் கை நின்றது. துணி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் பாக்ஸைத் தூக்கி நிறுத்தினாள்.

"மறந்துபோய் விட்டுட்டேன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள். "அதைச் சொல்லியிருந்தா இப்பவே வெளியில போன்னு சொல்லியிருப்பேன்."

"மறக்கல. வேணும்னுதான். தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு."

"அதை உன் சபையில சொல்லுவியா? போன வருஷம் கீழ வீதியில உங்காளு ஒருத்தரு என்னைப் பாத்தாரு. 'திரும்பி வாம்மா, ஆண்டவர் மன்னிப்பாரு'ன்னு தலையில கை வச்சு ஜெபம் பண்ணாரு. வளையல் வாங்க வந்தவ நானு. எங்க போனேன் திரும்பி வர?"

சௌந்தரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். "சொல்றேன். அப்ப… மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் மாலதி. "ஆறு வருஷத்தை ஒரு பஸ்ஸு டிக்கெட்டுல முடிக்கப் பாக்காத. அடுத்த வாரமும் வா."

அந்த ஒரு வாரம் சௌந்தரம் நடந்த நடையை ரோட்டில் நடந்திருந்தால் விருத்தாசலம் போய்த் திரும்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கவர்கள் வாசித்து முடிந்ததும் எழுந்து மைக்கிடம் போனாள். தங்கராசு முகம் மலர்ந்தார். "சாட்சி சொல்லணுமா சிஸ்டர்?"

"திருத்தம் சொல்லணும்."

சொன்னாள். போன வாரம் வாசித்தது இன்னும் நடக்கவில்லை என்றாள். தங்கை விட்டுப் போகவில்லை, தான்தான் கல்லில் அவள் பெயரை வேண்டுமென்றே விட்டதாகச் சொன்னாள். ஏழு மாதமாக ஆண்டவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தன் பங்கைச் செய்யாமல் இருந்ததாகவும் சொன்னாள். இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குப் பிடிபடவில்லை. ஆயர் எழுந்து இரண்டே வரியில் ஜெபித்தார். அவர் அவ்வளவு சுருக்கமாக ஜெபித்தது அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

வாசலில் அன்று யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. தங்கராசு வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனார். தப்பாக வாசித்தது தன் தொண்டை என்கிற வருத்தம் அவருக்கு. சௌந்தரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இதுவரை அவளோடு அதிகம் பேசாத ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க போன பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"எதுக்கு?"

"எனக்கு பரங்கிப்பேட்டையில ஒரு நாத்தனா இருக்கா" என்றாள் அந்தப் பெண், கீழே பார்த்துக்கொண்டு. "நாலு வருஷம் ஆவுது."

அன்றைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவள் பி.முட்லூரில் இறங்கிக்கொண்டாள், சௌந்தரம் சிதம்பரம் போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனாள். இரண்டாம் வாரம் மாலதி காபி கொடுத்தாள், சர்க்கரை போடாமல். மூன்றாம் வாரம் சர்க்கரை விழுந்தது. நாலாம் வாரம், அம்மா வைக்கிற மீன் குழம்பில் மாங்காய் உண்டா இல்லையா என்று இரண்டு மணி நேரம் சண்டை. அருள்முருகன் தானாகவே கடையைத் திறக்கப் போய்விட்டார். ஐந்தாம் வாரம் அழுகை. ஆறாம் வாரம் மாலதி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போயிருந்தாள். சௌந்தரம் படியில் காத்திருந்து பார்த்துவிட்டுக் கண்ணீரோடு திரும்பினாள். போகலாமா வேண்டாமா என்று அடுத்த ஆறு நாளும் உள்ளுக்குள் ஒரே ஓட்டம். ஏழாம் வாரமும் போனாள். "வருவியான்னு பாத்தேன்" என்றாள் மாலதி. அதற்கு மேல் விளக்கம் தரவில்லை.

ஒன்பதாம் வாரம் மாலதி பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். கடலூர் பஸ் நின்றது. சௌந்தரம் ஏறினாள். பின்னாலேயே மாலதியும் ஏறினாள், கையில் ஒரு துணிப்பை.

"நீ எங்க?"

"கடலூருக்கு. ஏன், உனக்கு மட்டும்தான் பஸ்ஸு விட்டிருக்காங்களா?"

சௌந்தரத்துக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று, காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். மாலதி ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். பஸ் நகர்ந்து வண்டிகேட் தாண்டிய பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். "கல்லு வெட்டுறவன்கிட்ட பேசிட்டேன் மாலு. உன் பேரைச் சேக்கச் சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை வரானாம்."

"எங்க சேக்கப் போறான்? எடம் இருக்குதா?"

"என் பேருக்குக் கீழ கொஞ்சம் இருக்குது."

"மேல போடச் சொல்லு."

"நான்தான்டி பெரியவ."

"தெரியும்" என்றாள் மாலதி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. "மொதல்ல தள்ளி உக்காரு."